கைகொடுக்கும் கருவிகள்: கணனிக்குத் தண்ணீர் விடுமுன்



வீட்டில் ஒரு கணனியை வைத்துக்கொண்டு தட்டச்சு, திருமண அல்பம், வீடியோ தொகுப்பு என்று வேலை செய்து குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்கள் எங்கள் மத்தியில் பலர் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. சித்திரை, வைகாசி வெக்கையில் இந்தக் கணனிகள் படும் பாடு உங்களுக்குத் தெரியும். காலையில் பத்து நிமிடத்தில் முடிந்த வேலை மத்தியானத்தில் இழுபடும். காற்றாடி இரைந்துகொண்டே இருக்கும். திருமண வீட்டாருக்குச் சொன்ன தவணை தவறும். ஒருமுறை தவணை தவறினால் அடுத்த வேலை வேறு இடத்துக்குப் போய்விடும்.

இதற்கு வழியாகத் தண்ணீரால் கணனியைக் குளிர்விக்கும் முறையைப் பலரும் சொல்கிறார்கள். நானும் முதன்முதலாக அதைப் பொருத்துவதற்குத் திட்டம் போடுகிறேன். இன்னும் ஒன்றும் வாங்கவில்லை. கொப்பியில் கணக்கு மட்டும் எழுதியிருக்கிறேன். அந்தக் கணக்கை இம்முறை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தண்ணீர் என்ன செய்கிறது?

கணனியின் மூளையான செயலி ஒரு தீப்பெட்டி அளவுதான் இருக்கும். சாதாரணச் செயலி 65 வாற் அளவில் வெப்பம் விடும். பழைய 60 வாற் மின்குமிழைக் கையால் தொட முடியாது என்பதை நினைத்துப் பாருங்கள். வலுவான செயலிகள் முழு வேலையில் 200 வாற்றையும் தாண்டும். சூடு 95, 100 பாகை அளவுக்கு ஏறியதும் செயலி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். மத்தியானத்தில் வேலை இழுபடுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

தண்ணீர் முறையில் செயலியின் மேல் ஒரு செப்புத் தகடு அமரும். அதனுள் தண்ணீர் ஓடிச் சூட்டை ஏற்றிக்கொண்டு, குழாய் வழியாக றேடியேற்றருக்குப் போகும். அங்கே காற்றாடிகள் சூட்டை வெளியே தள்ளும். சிறிய பம்பி ஒன்று தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடும். வாகனத்தின் முன்னால் இருக்கும் றேடியேற்றர் செய்யும் வேலையும் இதுதான்.

ஒன்றை மட்டும் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது, பானையில் கசியும் நீர் ஆவியாகப் போவதால். றேடியேற்றர் மூடிய பாத்திரம். அதில் நீர் ஆவியாவதில்லை. ஆகவே அறை 33 பாகையில் இருந்தால் உள்ளே ஓடும் தண்ணீர் அதற்குக் கீழே ஒருபோதும் இறங்காது. தண்ணீர் சூட்டைக் காவிச் செல்லும், குளிரை உண்டாக்காது. தகரக் கூரையின் கீழ், யன்னல் இல்லாத மூலையில் கணனி இருந்தால், முதலில் கணனியை இடம் மாற்றுங்கள். அதற்குக் காசு தேவையில்லை.

முதலில் தூசியைப் பாருங்கள்

புதிய பொருளுக்குக் காசு சேர்க்குமுன் உள்ள பொருளைத் துப்பரவு செய்ய வேண்டும். மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, பெட்டியைத் திறந்து, காற்றாடி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். ஈரத் துணி வேண்டாம். செயலிக்கும் குளிர்விப்பானுக்கும் இடையில் பூசும் பசை காய்ந்திருந்தால் அதைத் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். இவ்வளவும் செய்தபின் சூடு குறைந்தால் தண்ணீர் முறையை மறந்துவிடலாம். பெரிய காற்றுக் குளிர்விப்பானே பல கணனிகளுக்குப் போதும். அதில் ஒழுக்கும் இல்லை.

என் கொப்பியில் உள்ள கணக்கு

முதலாவது, றேடியேற்றரின் அளவு. இவை 120, 240, 360 மில்லிமீற்றர் என்ற நீளங்களில் வருகின்றன. செயலியை மட்டும் குளிர்விக்க 240 பெரும்பாலும் போதும். கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்தால் இன்னொன்று வேண்டும். பெட்டியின் மேலேயோ முன்னாலேயோ அதற்கு இடம் இருக்கிறதா என்று அளவு நாடாவால் அளந்தேன். காற்றாடியின் தடிப்பையும் சேர்த்து அளக்க வேண்டும்.

இரண்டாவது, உலோகம். செப்புத் தகட்டோடு அலுமினிய றேடியேற்றரைச் சேர்த்தால், இரண்டுக்கும் இடையில் தண்ணீர் ஓட ஓட அலுமினியம் அரிக்கப்படும். செப்பும் பித்தளையும் ஒன்றாக இருக்கலாம். வாங்கும்போது இதைக் கேட்டே ஆக வேண்டும்.

மூன்றாவது, பம்பி. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது புதிதல்ல. குழாயில் காற்றுப் பிடித்தால் மெசின் சத்தம் போடும், தண்ணீர் இழுக்காது. கணனிப் பம்பியும் அப்படித்தான். தண்ணீர்த் தாங்கி பம்பிக்கு மேலே இருக்க வேண்டும். வெறுமையாக ஓடினால் பம்பி பழுதாகும்.

நான்காவது, தண்ணீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியைப் பாருங்கள். அந்த வெள்ளைப் படிவு செப்புத் தகட்டின் நுண்ணிய இடுக்குகளில் படிந்தால் கதை முடிந்தது. கிணற்று நீரும் வேண்டாம், குழாய் நீரும் வேண்டாம். இதற்கென்றே விற்கும் திரவமோ, பாசியையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து கலந்த காய்ச்சி வடித்த நீரோதான் விட வேண்டும். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் அதை மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் எழுதுங்கள்.

ஐந்தாவது, ஒழுக்குப் பரிசோதனை. எல்லாம் பூட்டிய பின் பம்பிக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, கணனியின் மற்றப் பாகங்களுக்கு மின்சாரம் இல்லாமல், 24 மணி நேரம் தண்ணீரைச் சுற்றவிட வேண்டும். ஒவ்வொரு பூட்டின் கீழும் ஒரு மெல்லிய கடதாசித் துண்டு வையுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் கடதாசி சொல்லிவிடும். முதன்முறை செய்யும்போது பழக்கமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் முடிவு

பிறருடைய சட்டைத் துணியில் யாரும் வெட்டப் பழகுவதில்லை. பழைய சேலையில்தான் பழகுகிறோம். என் வீட்டில் உழைக்கும் கணனி ஒன்றுதான். அதில் தண்ணீர் சிந்தினால் பிள்ளைகளின் ரியூசன் காசும் சீட்டுக் காசும் சேர்ந்தே போகும். ஆகவே அந்தக் கணனிக்குத் தொழிற்சாலையிலேயே நிரப்பி மூடி வரும் 240 அளவுத் தொகுதியை எழுதியிருக்கிறேன். அதில் தண்ணீர் மாற்றும் வேலை இல்லை. அதைப் பூட்டும்போதும் றேடியேற்றரின் மேற்பகுதி பம்பியை விட உயரத்தில் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் கொஞ்சக் காற்று அங்கே போய்ச் சேர்ந்துவிடும். சில வருடங்களில் பம்பி ஓயும். அப்போது முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும். அதற்காக மாதா மாதம் ஒரு சிறு தொகையை ஒதுக்கப் போகிறேன். உத்தரவாதம் எத்தனை வருடம், ஒழுகிக் கணனி பழுதானால் அதற்கும் பொறுப்பா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

குழாய், பம்பி, தாங்கி எல்லாம் தனித்தனியே வாங்கிப் பூட்டும் முறையை மூலையில் கிடக்கும் பழைய கணனியில் பழகிப் பார்ப்பேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விலை கேட்கப் போன ஒரு கடையில், என்னோடு வந்த தங்கையின் மகனைப் பார்த்தே எல்லா விளக்கமும் சொன்னார்கள். அவனுக்கு வயது பதினான்கு. காசு கொடுப்பவளும் நான், அந்தக் கணனியில் இரவு பகலாக இருப்பவளும் நான். கொப்பியை விரித்து, "றேடியேற்றர் செப்பா, அலுமினியமா?" என்று கேட்ட பிறகுதான் என் முகத்தைப் பார்த்துப் பதில் வந்தது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களும், ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்துப் பிள்ளைகளைப் படிப்பித்தவர்களும் நாங்கள்தானே. இந்தச் சின்னப் பம்பி எங்களுக்கு விளங்காத பொருள் அல்ல. எங்களிடம் நேரே சொன்னால் போதும்.

ஆகவே சகோதரிகளே, கடைக்குப் போகுமுன் கணனிப் பெட்டியின் நீள அகலம், செயலியின் பெயர், எத்தனை வாற், மத்தியானத்தில் ஏறும் சூடு ஆகிய நான்கையும் ஒரு கொப்பியில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மூன்று கடைகளில் விலை கேளுங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாலும் கொப்பி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.