பதிவேட்டில் வராத ஆறு பேர்

எம்.எஸ்சி. நர்சிங் படிப்பில் புள்ளியியலும் ஒரு பாடம். வேண்டிய பாடம்தான். அதைக் கற்பிக்கும் விதத்தில்தான் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. சராசரி, திட்ட விலக்கம், கை-ஸ்கொயர் என்று சூத்திரங்களை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். ஆய்வேடு எழுதும்போது எண்களைக் கணினியில் போட்டால் விடை வந்துவிடுகிறது. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்பார் இல்லை.

"நர்சுகளுக்குக் கணக்கு வராது சார்" என்று சமாதானம் வேறு. அந்தத் தொழிலின் வரலாறே தெரியாத பேச்சு இது. கிரிமியப் போரில் காயத்தைவிட நோய்தான் அதிகச் சிப்பாய்களைக் கொன்றது என்று 1858-இல் வண்ண வரைபடம் போட்டுக் காட்டியவர் நைட்டிங்கேல் அம்மையார். லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரும் அவரே. பெல்ஜிய அறிஞர் கெத்தலே பிரெஞ்சில் எழுதிய புள்ளியியல் நூலை ஓரமெல்லாம் குறிப்பெழுதிப் படித்தவர். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அதில் ஒரு தனி சந்தோஷம்.

எங்கள் ஓசூர்ப் பக்கத்தையே பாடமாக எடுக்கலாமே. நிலைமை மோசமானால் நோயாளியை ஆம்புலன்சில் ஏற்றிப் பெங்களூருக்கு அனுப்புகிறோம். சுமார் 40 கிலோமீட்டர்தான். அங்கே உயிர் போனால், 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி இறப்புப் பதிவும் அங்கேதான். ஒரு பேச்சுக்கு, இங்கே சேர்ந்த 100 பேரில் 4 பேர் இங்கேயே இறந்தார்கள் என்று வையுங்கள். பெங்களூருக்கு அனுப்பிய 10 பேரில் 6 பேர் அங்கே இறந்திருந்தால், உண்மைக் கணக்கு நூற்றுக்குப் பத்து. அறிக்கையிலோ நூற்றுக்கு நாலு! எந்தச் சூத்திரமும் இந்த ஓட்டையை அடைக்காது.

பதிவேடுகளோடு காலம் தள்ளிய குமாஸ்தா சொல்கிறேன்: கூட்டல் தப்பினால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். எழுதாமல் விட்ட வரியை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அந்த ஆறு பேரை வண்டியில் ஏற்றிவிட்ட நர்சுக்கு மட்டும்தான் அது தெரியும்.

ஆகவே முதல் மாதம் சூத்திரமே வேண்டாம். வார்டு பதிவேட்டைக் கையில் கொடுங்கள். யாரை எண்ணினோம், யாரை விட்டோம், எதால் வகுத்தோம் என்று கேளுங்கள். நாளைக்கு இந்தப் பெண்கள்தான் கண்காணிப்பாளராகி இறப்பு அறிக்கையில் கையெழுத்துப் போடப்போகிறார்கள். "நூற்றுக்கு நாலுதானே" என்று மேலிடம் நினைத்தால், கூடுதல் நர்சும் வராது, தீவிர சிகிச்சைப் படுக்கையும் வராது. ஆம்புலன்ஸ் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.