அரைப் புள்ளியும் "எந்தத் தெரு?" என்ற கேள்வியும்

போன மாதம் மாவட்ட அளவிலான 13 வயதுக்குட்பட்டோர் சதுரங்கப் போட்டிக்கு எங்கள் படிப்பகத்துச் சிறுவன் ஒருவனை அழைத்துப் போனேன். ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிப்பவன். நுழைவுக் கட்டணத்தையும் பேருந்துக் காசையும் நண்பர்கள் சேர்ந்து போட்டோம்.

நான்காம் சுற்றில், தனிப் பயிற்சியாளரிடம் கற்கும் பையனோடு ஆட்டம். கடைசியில் அந்தப் பையனிடம் ராஜாவோடு ஒரு மந்திரியும் ஓரச் சிப்பாயும் மிஞ்சின. இவனிடம் ராஜா மட்டும். தோற்றுவிட்டான் என்றே நினைத்தேன். அவனோ ராஜாவை மூலையில் கொண்டுபோய் உட்கார வைத்தான். சிப்பாய் ராணியாக வேண்டிய அந்த மூலை வெள்ளைக் கட்டம். எதிராளியின் மந்திரி நகர்வதோ கறுப்புக் கட்டங்களில். ராஜாவை அங்கிருந்து கிளப்பவே முடியாது. ஆட்டம் டிரா, ஆளுக்கு அரைப் புள்ளி. படிப்பகத்தில் கிடந்த பழைய புத்தகத்தில் அவனே படித்துக்கொண்ட வித்தை அது.

பையன்கள் இருவரும் கைகுலுக்கிச் சிரித்தார்கள். சிக்கல் வாசலில்தான். "அவன்கிட்டப் போயா டிரா பண்ணின?" என்று மகனை அதட்டிய தகப்பனார், என் பக்கம் திரும்பி, "தம்பி எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "ஊர்ல எந்தத் தெரு?" அதையும் சொன்னேன். "ம்... லக்குதான்" என்று நகர்ந்துவிட்டார்.

தோழர்களே, தெருவுக்கும் சதுரங்கத்துக்கும் என்ன சம்பந்தம்? அதே மூலையில் அவர் மகன் உட்கார்ந்து தப்பியிருந்தால் அது 'மூளை'. எங்கள் பையன் உட்கார்ந்தால் 'லக்'.

மருத்துவக் கல்லூரி வாசலில் இட ஒதுக்கீட்டைக் காட்டித் 'தகுதி, திறமை' பேசுகிறார்கள். இங்கே ஒதுக்கீடு எங்கே இருந்தது? ஒரு காய்கூடக் கூடுதலாகத் தரவில்லை. பிறகும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை என்றால், இவர்களுக்கு உறுத்துவது ஒதுக்கீடு அல்ல. நாம் சமமாக எதிரே உட்காருவதுதான்.

2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது சென்னை நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் வரைந்தார்கள். மகிழ்ச்சி. அந்தக் கட்டங்கள் சேரிக்கும் வரட்டும். ஒவ்வொரு நலப் பள்ளிக்கும் பலகைகளும் பயிற்சியாளரும் வேண்டும். அந்த மாணவர்களின் போட்டிக் கட்டணத்தை அரசே கட்ட வேண்டும். இது சலுகை அல்ல, உரிமை.

பேருந்தில் வரும்போது அவன் கேட்டான்: "அண்ணா, தெருவ எதுக்குக் கேட்டாரு?" அவனுக்குச் சொல்லிவிட்டேன். பதில் சொல்ல வேண்டியவர் அந்தத் தகப்பனார்.