மக்கும் என்றால், எங்கே மக்கும்?



கடல்நீரில் கரையும் பிளாஸ்டிக் பற்றிச் சென்ற இதழில் வெளியிட்ட கட்டுரைக்கு நிறையக் கடிதங்கள். பாராட்டைவிடச் சந்தேகமே அதிகம். ‘உப்புப் பட்டால் கரையுமென்றால் அதில் ஊறுகாய் கட்டித் தருவார்களா?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். குறும்பாகக் கேட்டாலும் சரியான கேள்வி.

ஜப்பானின் ரிக்கென் ஆய்வு மையத்தில் தக்குசோ ஐடா குழுவினர் 2024 நவம்பரில் அறிவித்த பொருள் அது. உணவில் சேர்க்கப்படும் ஒரு பாஸ்பேட் உப்பும் குவானிடினியம் சேர்மமும் கைகோத்து உருவானது. கடல்நீரின் உப்பு நுழைந்ததும் அந்தப் பிடி அவிழ்ந்துவிடுகிறது. மண்ணில் புதைத்த தகடு 10 நாளில் மக்கிப்போனது. ஊறுகாய்க்காரருக்குப் பதில்: மேலே நீர் ஒட்டாத பூச்சு கொடுத்துவிட்டால் கரையாது, பூச்சில் கீறல் விழுந்தால்தான் கரையத் தொடங்கும். (கரண்டி பட்டுக் கீறாதா என்று அடுத்த கடிதம் வரும், தெரியும்.)

இந்தச் சந்தேகத்தை அறியாமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. பட்ட அனுபவம் அப்படி. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் இமோஜன் நாப்பரும் ரிச்சர்ட் தாம்சனும் கடைப் பைகளை மண்ணிலும் கடலிலும் வெட்டவெளியிலும் போட்டு வைத்துப் பார்த்தார்கள். 2019இல் முடிவு வெளியானது. ‘மக்கும்’ என்று அச்சிட்ட பை, 3 ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த பிறகும், மளிகைச் சாமான் நிரப்பித் தூக்கினால் கிழியாமல் தாங்கியது! துண்டு துண்டாக உடைவதையே மக்குவதாகச் சொல்லி விற்ற ஆக்ஸோ வகைப் பிளாஸ்டிக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் தடை செய்தது. சோள மாவுச்சத்திலிருந்து செய்யும் பி.எல்.ஏ. டம்ளர் மக்கத்தான் செய்யும். ஆனால் ஏறத்தாழ 60 டிகிரி சூட்டை விடாமல் காக்கும் உரக்கூடம் அதற்கு வேண்டும். கொல்லைக் குப்பைக்குழியில் போட்டால் டம்ளர் டம்ளராகவே கிடக்கும்.

ரிக்கென் ஆய்வை நான் நம்புகிறேன். நாளை அது கடைக்கு வரும்போது மேலே ஒட்டப்போகும் சீட்டைத்தான் நம்பத் தயாராக இல்லை. எங்கே மக்கும், எத்தனை நாளில், மக்கிய பின் மிச்சம் என்ன? மூன்றுக்கும் பதில் சொல்லாத சீட்டு வெறும் விளம்பரம்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1இல் தடை வந்த பிறகு, ‘மக்கும் பை’ என்று பச்சை எழுத்தில் அச்சிட்டவை நம் கடைகளிலும் புழங்குகின்றன. இவற்றை விற்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும், பை ஐ.எஸ். 17088 தரத்துக்கு உட்பட வேண்டும். தயாரிப்பாளர் பெயரும் சான்றிதழ் எண்ணும் பையிலேயே இருக்க வேண்டும். அடுத்த முறை கடைக்காரர் அப்படியொரு பையை நீட்டினால் இவை இருக்கின்றனவா என்று திருப்பிப் பாருங்கள். இல்லையென்றால் அவரிடமே கேளுங்கள். என்ன சொன்னார் என்று எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்