காளான் பையை ஐஸ்பெட்டியில் வைக்காதீர்கள்

செராஸில் காளான் பை வாங்கி வீட்டில் வைத்திருக்கும் யாரிடம் பேசினாலும் இந்தப் பேச்சு வந்துவிடும்: "நம்ம கோலாலம்பூர் சூட்டுக்குக் காளான் லேசில் வராது. ராத்திரி ஐஸ்பெட்டியில் வைத்து எடுத்தால்தான் மொட்டு விடும்." உதவ வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இதை நம்பி, வெள்ளை வெளேரென்று இழையோடி நின்ற நல்ல பைகளைக் கெடுத்துக்கொள்கிறார்களே என்றுதான் வருத்தமாக இருக்கிறது.

முதலில், பைக்குள் இருப்பது எந்தக் காளான்? இங்கே விற்கும் பைகளில் பெரும்பாலானவை சாம்பல் நிறச் சிப்பிக்காளான். மலாய்க்காரர்கள் செண்டாவான் திராம் கெலாபு என்பது இதைத்தான். ரப்பர் மரத்தூளில் தவிடும் கொஞ்சம் சுண்ணாம்பும் கலந்து, ஆவியில் வேகவைத்து, ஆறிய பிறகு வித்து போடுகிறார்கள். 25 முதல் 30 டிகிரி வரை அதற்குச் சுகமான சூடு. செராஸில் இரவு 24 டிகிரிக்கு இறங்குகிறது, பகலில் 32, 33 வரை ஏறுகிறது. சிலாங்கூரில் இதை விற்பனைக்கு வளர்க்கும் சாதாரணக் கொட்டகைகளில் ஏர்கோன் கிடையாது. கூரை, வலை, தண்ணீர், காற்றோட்டம், இவ்வளவுதான்.

சூடுதான் காளானுக்கு எதிரி என்றால், விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டை வெயிலில் பால் காளான் எப்படி வந்தது? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ஏபிகே 2 ரகத்தின் பெயரிலேயே அந்த ஊர் இருக்கிறது. 30 டிகிரிக்கு மேலும் நன்றாக விளைவதுதான் அந்த ரகத்தின் சிறப்பு. வைக்கோல் காளானும் அப்படித்தான், சூட்டை விரும்பும்.

பிறகு இந்தக் குளிர் வைத்தியம் எங்கிருந்து வந்தது? ஜப்பான், ஐரோப்பா போன்ற குளிர்ப் பகுதிகளின் கையேடுகளிலிருந்து. ஸ்டீம்போட்டில் போடும் எனோக்கி 10 முதல் 15 டிகிரியில்தான் மொட்டு விடும். ஷீத்தாக்கேயில் பல ரகங்களுக்குக் குளிர் அதிர்ச்சி உண்மையிலேயே உதவும். அவர்கள் எழுதியது அவர்கள் காளானுக்குச் சரி. அதையே இளஞ்சிவப்புச் சிப்பிக்காளானுக்கோ வைக்கோல் காளானுக்கோ செய்தால் இழையே செத்துப் போகலாம். சாம்பல் சிப்பிக்காளான் சாகாது. ஆனால் 4 டிகிரியில் அதன் வளர்ச்சி அப்படியே நின்றுவிடும். ஐஸ்பெட்டியின் வறண்ட காற்றில் பையின் வாயும் காய்ந்துவிடும். சீக்கிரம் வரட்டும் என்று செய்தது தாமதத்தைக் கூட்டிவிடலாம்.

சூட்டின் மேல் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. மேற்குப் பார்த்த பால்கனியில் பிற்பகல் வெயில் நேராக அடித்தால் பைக்குள் 35 டிகிரியைத் தாண்டிவிடும். அப்போது மொட்டு வராது. அதற்கு வழி, பையை வெயில் படாத பக்கம் நகர்த்துவது. அவ்வளவே.

இனி, காளான் சரியாக வராததற்கு நிஜமான காரணம். அது காற்று. இழை மரத்தூளுக்குள் ஓடும்வரை கரியமில வாயு அதிகம் இருந்தாலும் தாங்கும். அந்த வாயு குறைந்து நல்ல காற்று பட்ட பிறகுதான் 'வெளியே வந்துவிட்டோம், இனிப் பூக்கலாம்' என்று அதற்குத் தெரிகிறது. ஆனால் நம் அடுக்குமாடி வீடுகளில் ஈரம் போகக் கூடாது என்று பையை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ளோ சிங்க் அடியில் உள்ள அலமாரியிலோ வைக்கிறோம். பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் அப்படி வைத்திருந்த டப்பாவைத் திறந்து காட்டினார். காம்பு விரல் நீளம், தலை பட்டாணி அளவு, அடியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி இழை. "சூடுதாங்க காரணம்" என்றார். நீண்ட காம்பும் சிறுத்த தலையும் காற்று போதவில்லை என்பதற்கு அடையாளம். மூடியை எடுத்து, சமையற்கட்டு ஜன்னலோரம் நிழலில் வைத்து, மேலே ஈரத்துணி தொங்கவிடச் சொன்னேன். அடுத்த மொட்டுகள் அகலத் தலையோடு வந்தன. பிற்பகல் மழை கொட்டி ஓய்ந்த பிறகு பைகள் திடீரென்று மொட்டு விடுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். குளிர்ச்சியால்தான் என்று அதற்கும் சொல்வார்கள். சூடு சில டிகிரி இறங்குவதும் உதவுகிறது, உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் வீட்டுக்குள் வீசும் ஈரக்காற்றை ஐஸ்பெட்டி தராது.

"தண்ணீர் போதவில்லை, இன்னும் அடியுங்கள்" என்பது அடுத்த அறிவுரை. காளானுக்கு வேண்டியது 80, 90 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்று. பைக்குள் தேங்கிய தண்ணீர் இல்லை. வாய்க்குள் தண்ணீர் தேங்கினால் இழைக்கு மூச்சு முட்டும், பச்சைப் பூஞ்சணம் பிடிக்கும். தலையில் தண்ணீர் நின்றால் பாக்டீரியா வந்து பழுப்புத் திட்டு விழும். பையைச் சுற்றியுள்ள சுவரிலும் தரையிலும் தெளியுங்கள். மொட்டு மஞ்சளாகிச் சுருங்கினால் மட்டும் ஈரம் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

இருட்டில் வைக்க வேண்டும் என்பது இழை ஓடும் காலத்துக்கு மட்டும் பொருந்தும். மொட்டுக்கு நாளிதழ் படிக்கும் அளவு வெளிச்சம் வேண்டும். குழாய்த் தண்ணீரின் குளோரினைக் கண்டு பயப்படவும் தேவையில்லை.

"வித்து சரியில்லை" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகும் முன், பையின் அடியைப் பாருங்கள். அங்கே இன்னும் பழுப்பு மரத்தூள் தெரிந்தால் இழை முழுதாக ஓடவில்லை, அவசரப்பட்டுத் திறந்திருக்கிறீர்கள். அடிவரை வெளுத்த பையைத் திறந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் மொட்டு வரும். ஒரு அறுவடைக்குப் பிறகு நின்றுவிட்டதென்றால், வாயில் பழைய அடிக்காம்பும் தோல்போலத் தடித்த இழையும் அடைத்திருக்கும். சுத்தமான கரண்டியால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சில நாள் ஓய்வு கொடுங்கள். மூன்றாம், நான்காம் முறை தாமதமாகவும் குறைவாகவும் வருவது இயல்பு. மரத்தூளில் இருந்த சத்துதானே காளானாகிறது, அது தீர்ந்துகொண்டே வரும். பை கைக்கு லேசாகி, தொட்டால் உள்ளே தொளதொளவென்று இருந்தால் உதிர்த்துப் பூச்சட்டியில் போடலாம். பச்சை படர்ந்த பையை மட்டும் மற்றவற்றின் பக்கத்தில் வைக்காமல், இறுகக் கட்டி அன்றைக்கே வெளியேற்றிவிடுங்கள்.