மரமும் ஆறு வீடுகளும்

ஓர் ஊரின் பெருமையை அதன் கோட்டையைக் கொண்டும் கோபுரத்தைக் கொண்டும் அளப்பது உலக வழக்கு. இங்கிலாந்தின் தென்பகுதியில், டார்செட் மாவட்டத்தில் உள்ள டால்படில் என்னும் சிற்றூருக்கு அவ்வளவுகோல் பொருந்தாது. ஒரு முதிய சைக்கமோர் மரம், தேவாலய வளாகத்தில் ஓர் எளிய கல்லறை, சாலையோரம் ஆறு சிறு வீடுகள் ஆகியவையே அதன் அடையாளங்கள். எனினும், உழைப்பாளர் வரலாற்றில் அவ்வூர் பெற்றுள்ள இடம் பெரிது.

1830களின் தொடக்கத்தில் அவ்வூர்ப் பண்ணைத் தொழிலாளரின் வாரக்கூலி ஒன்பது ஷில்லிங்கிலிருந்து ஏழாகச் சரிந்தது. ஆறாகும் என்ற அச்சமும் எழுந்தது. 1833இல் ஜார்ஜ் லவ்லெஸ் முதலானோர் சங்கம் அமைத்தனர். அம்மரத்தடியே அவர்கள் கூடிய இடம் என்பர். சங்கம் அமைப்பது அன்று குற்றமன்று. ஆகவே, மறைவாக உறுதிமொழி ஏற்றதைக் குற்றமாக்கி, 1797ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்கீழ் வழக்குத் தொடுத்தனர். 1834 மார்ச்சில் அறுவருக்கு ஏழாண்டு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்ட அவர்களுக்காக இலண்டனில் மக்கள் பெருந்திரளாக அணிவகுத்தனர். 1836இல் அரசு மன்னிப்பு வழங்கியது.

மீண்டவருள் ஐவர் பின்னர்க் கனடாவில் குடியேறினர். ஜேம்ஸ் ஹாமெட் ஒருவரே சொந்த ஊரில் வாழ்ந்தார். முதுமையில் குடும்பத்துக்குச் சுமையாக இருக்க விரும்பாமல் ஏழையர் விடுதி புகுந்த அவர், 1891இல் மறைந்தார். உலகம் போற்றிய ஒருவருக்கு ஊரில் ஒரு கூரை வாய்க்கவில்லை.

நூற்றாண்டு நிறைவான 1934இல், முதிய பண்ணைத் தொழிலாளர் குடியிருப்பதற்காகத் தொழிற்சங்கப் பேரவை ஆறு வீடுகளை அங்கு எழுப்பியது. அறுவரின் பெயர்களும் அவற்றுக்குச் சூட்டப்பட்டன. சிலையொன்று நிறுவினால் போதாதா எனச் சிலர் வினவலாம். சிலை தியாகத்தை நினைவூட்டும். அத்தியாகம் எதற்காகச் செய்யப்பட்டதோ அக்குறையைத் தீர்க்காது. அவ்வீடுகள் ஹாமெட்டின் இழப்பை ஈடுசெய்யா. ஆயினும், அவர் பெயர் தாங்கிய கூரையின்கீழ் மற்றொரு முதியவர் மானத்தோடு வாழ வழிசெய்தன. மாலையிட்டு மறந்துபோகும் சின்னத்தினும், அடுப்பெரியும் வீடே உயர்ந்த நினைவுச்சின்னம்.

ஊர்களின் வரலாற்றைக் கற்கும் மாணவர்கள், அங்கு யார் ஆண்டனர் என்பதோடு நின்றுவிடலாகாது. அங்கு உழைத்தவர் யாவர், அவர்தம் முதுமை எங்ஙனம் கழிந்தது என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாவே வரலாற்றை முழுமையாக்கும்.