கண்ணைப் பறிக்கும் முகப்பு விளக்குகள்: சட்டத்தில் அளவு உண்டு, அளப்பவர்தான் இல்லை

புதுதில்லி: எதிரே வரும் வாகனத்தின் வெளிச்சம் கண்ணில் அறைய, சில விநாடிகள் சாலையே தெரியாமல், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நம்பிக்கையை மட்டுமே துணையாகக் கொண்டு முன்னே செல்வது இந்தியச் சாலைகளில் இரவில் வாகனம் ஓட்டும் எவருக்கும் புதிய அனுபவம் அல்ல. அந்தச் சில விநாடிகளில் சாலையோரம் நடப்பவர் இருக்கலாம். விளக்கில்லாத சைக்கிள் இருக்கலாம். பழுதாகி நிற்கும் லாரி இருக்கலாம். பெரும்பாலும் ஒன்றும் நேர்வதில்லை. நேர்ந்துவிட்டால், அதற்குக் காரணமான வாகனம் அதற்குள் வெகுதூரம் சென்றிருக்கும்.

இந்தப் பிரச்னையை உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபர் 7-ம் தேதி பிறப்பித்த உத்தரவில் நேரடியாகக் கையில் எடுத்தது. நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, கே.வி. விஸ்வநாதன் ஆகியோர் அடங்கிய அமர்வு, முகப்பு விளக்குகளின் அதிகபட்ச ஒளி அளவையும் ஒளிக்கற்றையின் கோணத்தையும் நிர்ணயிக்க வேண்டும் என்றும், புகைச் சான்று வழங்கும்போதும் வாகனத் தகுதிச் சான்று வழங்கும்போதும் அவற்றைச் சோதிக்க வேண்டும் என்றும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும் மாநில அதிகாரிகளுக்கும் உத்தரவிட்டது. அனுமதியின்றிப் பொருத்தப்படும் சிவப்பு, நீல மின்னும் விளக்குகளுக்கு முழுத் தடை விதித்து, பறிமுதல், சந்தைகளில் சோதனை, அபராதம் ஆகிய வழிகளில் அதைச் செயல்படுத்துமாறும் கூறியது.

இந்த வழக்கின் மனுதாரர் கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன். 2012-ல் அவர் தொடுத்த பொதுநல வழக்கை ஒட்டியே, 2014-ல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழுவை உச்ச நீதிமன்றம் அமைத்தது. விபத்தில் சிக்கியவர்கள் வந்து சேரும் மருத்துவமனையிலிருந்து புறப்பட்ட வழக்கு, பத்தாண்டுகளுக்கும் மேலாக நீடித்து இப்போது வாகன விளக்குவரை வந்திருக்கிறது.

எட்டு மீட்டர் கணக்கு

கண் கூசும் விளக்குக்கு எதிரான சட்டம் புதிதல்ல. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி இதற்கெனவே உள்ளது. விளக்குக்கு முன்னால் 8 மீட்டர் தூரத்தில், வாகனத்தின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் எவரையும் கூசச் செய்யாத வகையில், ஒளிக்கற்றை நிரந்தரமாகக் கீழ்நோக்கித் திருப்பப்பட்டிருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. முன்புறம் தேடுவிளக்கு, குவி விளக்கு பொருத்துவதை 111-வது விதி தடுக்கிறது. விதிவிலக்கான சூழ்நிலையில், பதிவு அதிகாரியின் முன் அனுமதி பெற்றே அவற்றைப் பொருத்த முடியும்.

ஓட்டுநருக்கான கடமையும் எழுதப்பட்டே உள்ளது. எதிரே வாகனம் வரும்போது, நீண்ட தூரம் பாயும் ஹை பீம் ஒளியைத் தாழ்த்தி லோ பீமுக்கு மாற்ற வேண்டும்; தெருவிளக்கு போதுமான அளவுக்கு எரியும் சாலையில் ஹை பீம் கூடாது என்பதே 2017-ம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின் சாரம். லாரிகளின் பின்புறம் தலைமுறைகளாக எழுதப்பட்டுவரும் 'யூஸ் டிப்பர் அட் நைட்' என்ற வாசகமும் இதையேதான் சொல்கிறது.

ஆக, தூரம், உயரம், பக்கவாட்டு அளவு எனச் சட்டம் துல்லியமாகப் பேசுகிறது. ஆனால், அந்த அளவை எங்கே, யார், எந்தக் கருவியால் சோதிப்பது என்ற கேள்விக்குத்தான் இத்தனை ஆண்டுகளாக உருப்படியான பதில் இல்லை.

கண் மீள ஆகும் நேரம்

இருளுக்குப் பழகிய கண்ணின் விழித்திரையில், மங்கிய ஒளியிலும் பார்க்க உதவும் நிறமிப் பொருள் சேர்ந்திருக்கும். திடீரெனப் பாயும் பலத்த வெளிச்சத்தில் அது சிதைகிறது. வெளிச்சம் விலகிய பின்னும் பார்வை தெளியச் சில விநாடிகள் ஆகின்றன. இருளுக்குக் கண் முழுமையாகப் பழகுவதற்கு இருபது முதல் முப்பது நிமிடங்கள்வரை தேவைப்படும். வயது ஏற ஏற இந்த நேரம் கூடுகிறது. கண்புரை தொடங்கியவர்களுக்கு வெளிச்சம் விழிக்குள்ளேயே சிதறுவதால் தொல்லை இரட்டிப்பாகிறது.

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கும். பார்வை தெளிய மூன்று விநாடி என்று வைத்துக்கொண்டாலும் 66 மீட்டர் தூரத்தை ஓட்டுநர் ஏறத்தாழக் குருடராகவே கடக்கிறார். அந்தத் தூரத்துக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் உயிர் பிழைப்பதா, போவதா என்பதைத் தீர்மானிக்கிறது.

யார் அங்கே இருக்கிறார்கள் என்பதை அரசின் புள்ளிவிவரமே காட்டுகிறது. 2022-ல் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள், 19.5 சதவீதம் பேர் பாதசாரிகள். 2023-ல் உயிரிழப்பு 1.72 லட்சத்தைத் தாண்டியது. மாலை 6 மணி முதல் இரவு 9 மணிவரையிலான மூன்று மணி நேரத்தில் மட்டும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விபத்துகள் நேர்கின்றன. வீடு திரும்பும் நெரிசலும் அந்த நேரத்தில்தான் என்பதால், எல்லாப் பழியையும் விளக்கின் மீது போட முடியாது. ஆனால், விளக்கின் பங்கு எவ்வளவு என்று கணக்கிடவும் வழியில்லை.

காரணம், அமைச்சகத்தின் ஆண்டறிக்கை விபத்துக்கான விதிமீறல்களை அதிவேகம், குடிபோதை, தவறான திசையில் ஓட்டுதல், சிவப்பு விளக்கை மீறுதல், செல்போன் பேசுதல் என்றே வகைப்படுத்துகிறது. கூசும் வெளிச்சத்துக்குத் தனி இடம் இல்லை. அது 'இதர' காரணங்களுக்குள் கரைந்துபோகிறது. அல்லது, கண் கூசி நிலைதடுமாறியவர் மீதே 'அதிவேகம்' என்று எழுதப்பட்டுவிடுகிறது. மோதிய வாகனத்தில் கீறல் இருக்கும். குடித்தவர் ரத்தத்தில் மது இருக்கும். வெளிச்சம் மட்டும் எந்தத் தடயத்தையும் விட்டுச் செல்வதில்லை. கணக்கில் வராத குற்றத்துக்கு நிர்வாகத்தில் முன்னுரிமை கிடைப்பதில்லை என்பது எல்லாத் துறைக்கும் பொருந்தும் உண்மை.

பல்பு மாறினால் பாதை மாறும்

தொழிற்சாலையிலிருந்து வரும் வாகனத்தில் விளக்கு சோதிக்கப்பட்டே பொருத்தப்படுகிறது. சிக்கல் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வழக்கமான ஹாலஜன் விளக்கில் ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55 வாட் என்பது பரவலான அளவு. பல்புக்குள் இருக்கும் இழை எந்த இடத்தில் ஒளிர்கிறதோ, அதைக் கணக்கிட்டே பின்னாலுள்ள பிரதிபலிப்பான் வடிவமைக்கப்படுகிறது. அதே கூட்டில் எல்.இ.டி. அல்லது ஹெச்.ஐ.டி. பல்பைச் செருகினால், ஒளி பிறக்கும் இடம் மாறிவிடுகிறது. ஒளிக்கற்றையின் மேல்விளிம்பு கலைந்து, சாலையில் விழ வேண்டிய வெளிச்சம் எதிரே வருபவர் முகத்தில் சிதறுகிறது. லோ பீமில் ஓட்டினாலும் பயனில்லை.

இத்தகைய பல்புகள் மறைவில் விற்கப்படுபவை அல்ல. தில்லியின் காஷ்மீரி கேட், கரோல் பாக் போன்ற உதிரிபாகச் சந்தைகளிலும் இணைய வணிகத்திலும் தாராளமாகக் கிடைக்கின்றன. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182-ஏ பிரிவு, அனுமதியின்றி வாகனத்தில் மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. தரமற்ற முக்கியப் பாதுகாப்பு உதிரிபாகத்தை விற்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், ஓராண்டுவரை சிறை எனவும் அதே பிரிவு கூறுகிறது. விற்பவரை நோக்கிச் சட்டத்தின் கை அரிதாகவே நீள்கிறது.

எல்லாம் பல்பின் குற்றமும் அல்ல. பின்னால் பாரம் ஏறினால் வாகனத்தின் முன்பகுதி நிமிர்ந்து, விளக்கும் நிமிர்கிறது. ஒளிக்கற்றை ஒரு டிகிரி உயர்ந்தாலே நூறு மீட்டர் தூரத்தில் அது 1.75 மீட்டர் மேலே போகும். அதாவது சாலையிலிருந்து கண்ணுக்கு. இதைச் சரிசெய்யப் பல கார்களில் ஸ்டீயரிங் அருகிலேயே ஒரு சிறு திருகு உண்டு. அது எதற்கென்று அறியாதவர்களே அதிகம்.

முன்பு நாட்டின் பல நகரங்களில் போக்குவரத்துப் போலீஸார் முகப்பு விளக்கின் நடுவிலோ மேல்பாதியிலோ கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினர். கறுப்பு வண்ணமும் பூசினர். பழைய வட்ட விளக்குகளுக்கு அது ஓரளவு உதவியது. இன்றைய விளக்குகளின் உள்ளமைப்பே வேறு என்பதால் அந்த வைத்தியம் பலிக்காது.

பதினைந்து ஆண்டு இடைவெளி

சரக்கு வாகனங்களும் வாடகை வாகனங்களும் முதல் எட்டு ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். சொந்த உபயோகக் கார், இரு சக்கர வாகனங்களுக்கோ பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதுவரை அவை எந்தத் தகுதிப் பரிசோதனைக்கும் செல்வதில்லை. இடையில் மாட்டப்படும் பல்பை எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை. அவை தவறாமல் சென்றாக வேண்டிய ஒரே இடம் புகைப் பரிசோதனை நிலையம்தான். அங்கே பின்புறக் குழாய் சோதிக்கப்படுகிறது. முன்புற விளக்கு சோதிக்கப்படுவதில்லை.

உச்ச நீதிமன்ற உத்தரவு சரியான இடத்தைத் தொட்டிருப்பது இங்கேதான். முகப்பு விளக்கின் கோணத்தையும் ஒளியையும் அளக்கும் கருவி, லென்சும் சிறு திரையும் கொண்டது. விளக்குக்கு முன் அதை நிறுத்திச் சில நிமிடங்களில் அளந்துவிடலாம். 2021-ல் விதிகள் வகுக்கப்பட்ட தானியங்கிப் பரிசோதனை நிலையங்களில் விளக்குச் சோதனையும் உண்டு. ஆனால், புகைப் பரிசோதனை நிலையங்களில் பல, பெட்ரோல் பங்கின் ஓரத்தில் ஒரு சிறிய அறையாகவோ வேனாகவோ இயங்குபவை. சமதளமான தரை, கருவி, பயிற்சி பெற்ற ஆள் ஆகிய மூன்றும் அங்கே தேவை. புகையையே பார்க்காமல் சான்று தருவதாக நெடுநாளாகப் புகார் உள்ள இடத்தில், விளக்கையும் பார்க்காமல் சான்று தரத் தொடங்கினால், கட்டணம் ஏறுவது மட்டுமே மிச்சமாகும்.

ஓட்டுநர் தரப்பு

ஹை பீமில் ஓட்டுபவர் எல்லோரும் அடாவடிக்காரர்கள் அல்லர். நெடுஞ்சாலைக் கோடுகள் அழிந்து, குழிகள் மூடப்படாமல், பிரதிபலிப்பான் இல்லாத டிராக்டரும் கால்நடையும் எதிர்ப்படும் சாலையில், கூடுதல் வெளிச்சம் என்பது ஓட்டுநரின் தற்காப்பு. எதிரே வருபவர் தாழ்த்தவில்லை என்பதால் இவரும் தாழ்த்துவதில்லை. இருவரும் தற்காத்துக்கொள்ள, இருவருக்கும் சாலை தெரியாமல் போகிறது. வட மாநிலங்களின் குளிர்காலப் பனிமூட்டத்திலோ ஹை பீம் ஓட்டியவரையே திருப்பித் தாக்குகிறது. பனித்துளிகளில் பட்டுச் சிதறும் ஒளி வெள்ளைத் திரையாக அவர் முன்னே நிற்கிறது.

ஆகவே, சாலையைப் பராமரிக்கும் துறைக்கும் இதில் பொறுப்பு உண்டு. நான்குவழிச் சாலைகளின் நடுத்திட்டில் அரளி போன்ற செடிகள் வளர்க்கப்படுவது அழகுக்காக மட்டும் அல்ல. எதிர்ப்பக்க வெளிச்சத்தைத் தடுக்கவும்தான். செடி கருகிய இடங்களில் அந்தத் தடுப்பு இல்லை. நடுத்திட்டே இல்லாத இருவழிச் சாலைகளில் டிப்பர் போடும் பழக்கம் ஒன்றே பாதுகாப்பு.

அபராதத்தை மட்டும் நம்பியும் பயனில்லை. ஓட்டுதல் ஒழுங்குமுறைகளை மீறினால் 500 முதல் 1,000 ரூபாய்வரை அபராதம் என்கிறது சட்டத்தின் 177-ஏ பிரிவு. வேகத்துக்கு ரேடார் உண்டு. சிவப்பு விளக்கை மீறினால் கேமரா உண்டு. ஹை பீமுக்கு அத்தகைய பரவலான ஏற்பாடு இல்லை. இரவுச் சாலையில் நிற்கும் காவலரின் கண்ணே கூசிப்போகும்போது, அவர் வண்டி எண்ணைக் குறிப்பது எப்படி?

ஒரு முன்னுதாரணம்

மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று உண்டு. மத்திய அமைச்சரவை 2017 ஏப்ரல் 19-ல் முடிவெடுத்து, மே 1-ம் தேதி முதல் அமைச்சர்கள், உயரதிகாரிகளின் வாகனங்களிலிருந்து சிவப்புச் சுழல் விளக்கை அகற்றியது. தலைநகரின் அதிகார அடையாளமாக விளங்கிய விளக்கு சில நாள்களிலேயே மறைந்தது. எனினும், கண்காணிப்பு தளர்ந்ததும் முன்கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு, நீல மின்விளக்குகள் முளைத்தன. உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட நேர்ந்தது. உத்தரவு ஒரு நாள் வேலை. கண்காணிப்பு அன்றாட வேலை என்பதே அதன் பாடம்.

இப்போது செய்ய வேண்டியவை எளியவை. புகைப் பரிசோதனை நிலையங்களுக்கு அளக்கும் கருவி வேண்டும். விதிக்கு மாறான பல்புகளை வாங்குபவரிடம் மட்டுமன்றி விற்பவரிடமும் சட்டம் பேச வேண்டும். விபத்துப் பதிவேட்டில் கூசும் வெளிச்சத்துக்கு ஒரு கட்டம் ஒதுக்க வேண்டும். ஓட்டுநர் உரிமத் தேர்வில் டிப்பர் பயன்பாடு உண்மையாகவே சோதிக்கப்பட வேண்டும்.

மற்ற விதிமீறல்களில் தவறு செய்பவரும் ஓரளவு ஆபத்தில் இருக்கிறார். ஹெல்மெட் அணியாதவரின் தலைதான் முதலில் உடைகிறது. கூசும் விளக்கில் மட்டும், பொருத்தியவருக்குச் சாலை பளிச்செனத் தெரிகிறது. விலை கொடுப்பவர் எதிரே வருபவரும், அவர் கண்ணுக்குத் தெரியாமல் ஓரத்தில் நடந்து செல்பவருமே. ஓட்டுநரின் மனச்சாட்சிக்கு மட்டும் விட்டுவிடாமல், எட்டு மீட்டர் தூரத்தில் ஒரு கருவியை வைத்து அளக்க வேண்டிய கட்டாயம் அதனால்தான் எழுகிறது.