வீடு இங்கே, வரி எங்கே?

திருச்சியில் ஒரு வீடு இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதைக் கட்டியவன் துபாயில் இருக்கிறான். பாலை வெயிலில் வாடி, பண்டிகை நாளிலும் பாடுபட்டு, சேர்த்த காசைச் செங்கல்லாக்கினான், செங்கல்லைச் சுவராக்கினான். குடியிருப்பவர் ஒரு பள்ளி ஆசிரியர். திங்கள் பிறந்தால் 20,000 ரூபாய் வாடகை, பத்தாண்டுகளாகத் தவறியதில்லை. இருவரும் நல்லவர்; இருவரும் நம்மவர். ஆனால், இருவருக்கும் நடுவே ஒரு சட்டம் ஓசையின்றி நிற்பதை இருவருமே அறியார்.

விடுமுறையில் ஊர் வரும் தோழர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் கேட்பதுண்டு: "அண்ணே, நான் வாழும் நாட்டில் சம்பளத்துக்கே வருமான வரி இல்லை. இங்கே வாடகைக்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும்?"

தம்பி, கடல் கடந்தவன் நீ, வீடு கடக்கவில்லையே! அதன் வாசலில் ஓடும் சாலை இங்கே. குழாயில் வரும் குடிநீர் இங்கே. இரவில் எரியும் தெருவிளக்கு இங்கே. வாடகை தரும் மனிதர் உழைப்பதும் இங்கே. வருமானம் எந்த மண்ணில் விளைந்ததோ, அந்த மண்ணுக்கு வரி கேட்கும் உரிமை உண்டு. நம் பழங்கல்வெட்டுகளில் 'இறையிலி' என்றொரு சொல் உண்டு. வரி நீக்கப்பட்ட நிலம் என்று பொருள். நீக்கப்பட்டதற்குத் தனிப்பெயர் வேண்டியிருந்தது என்றால், கொடுப்பதே இயல்பாக இருந்தது என்பதுதானே கருத்து?

சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளுடன் இந்தியா செய்துகொண்ட இரட்டை வரி தவிர்ப்பு உடன்பாடுகளும், அசையாச் சொத்தின் வருமானத்துக்கு அச்சொத்து இருக்கும் நாடு வரி விதிக்கலாம் என்றே கூறுகின்றன. அமெரிக்காவில் குடியேறியவர் அங்கும் இந்த வாடகையைக் கணக்கில் காட்ட வேண்டும். ஆனால் இங்கே கட்டிய வரியை, அந்நாட்டு விதிகளுக்கு உட்பட்டு, அங்கே ஈடு செய்துகொள்ளலாம். ஒரே வாடகைக்கு இருமுறை அழ வேண்டாம் என்பதே உடன்பாட்டின் நோக்கம். ஒருமுறையும் கட்டாமல் ஒளிந்திருக்கலாம் என்பதல்ல.

இனி அந்த ஆசிரியரைப் பாருங்கள். வீட்டுக்காரன் உள்ளூரில் இருந்தால், திங்கள் வாடகை 50,000 ரூபாயைத் தாண்டும்போதுதான் அவர் வரி பிடிக்க வேண்டும். அதுவும் 2 விழுக்காடு. வீட்டுக்காரன் அயல்நாடு வாழ்பவன் என்றாலோ, முதல் ரூபாயிலிருந்தே பிடிக்க வேண்டும்! 30 விழுக்காடு வரி, அதன்மேல் 4 விழுக்காடு செஸ், ஆக 31.2 விழுக்காடு. 20,000 ரூபாய் வாடகையில் 6,240 ரூபாயைக் கழித்து அரசுக்குக் கட்டிவிட்டு, 13,760 ரூபாயைத்தான் வீட்டுக்காரனுக்கு அனுப்ப வேண்டும். அதற்கெனத் தனி எண் பெற வேண்டும். காலாண்டுதோறும் கணக்குத் தர வேண்டும். தவறினால் வரியும் வட்டியும் ஆசிரியரிடமே கேட்கப்படும். வீடு அவனுக்கு, வாடகை அவனுக்கு. வில்லங்கம் மட்டும் ஆசிரியருக்கா?

1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. சட்டப் புத்தகம் மாறியது. சாமானியக் குடித்தனக்காரரின் இந்தச் சுமை மாறவில்லை.

இதைக் கேட்டு அஞ்சி, "நான் வெளிநாட்டில் இருப்பதைச் சொல்லாதீர்கள், வாடகையைத் தம்பி கணக்கில் போடுங்கள்" என்பவர் உண்டு. அவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஆண்டு வாடகை 2,40,000. சட்டமே பராமரிப்புக்கென 30 விழுக்காட்டைக் கழித்துவிடுகிறது, அது 72,000. எஞ்சுவது 1,68,000. கட்டிய வீட்டு வரியும் கழிந்தால் இன்னும் குறையும். இந்தியாவில் வேறு வருமானம் இல்லையெனில், புதிய முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை! ஆண்டு முழுதும் பிடித்த 74,880 ரூபாயும், உரிய காலத்தில் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பி வரும். முன்கூட்டியே வருமான வரித் துறையிடம் சான்று பெற்றால், பிடிப்பதையே குறைத்துக்கொள்ளலாம்.

ஆக, அஞ்சி ஒளிபவன் கடன் இல்லாமலே கள்வனாகிறான். அவனை நம்பிக் குடியிருப்பவரையும் குற்றவாளியாக்குகிறான். பத்து வீடும் பல லட்சம் வாடகையும் உடையவனோ, ஏழைத் தோழனின் அச்சத்தை முன்னே நிறுத்தி, அதன் நிழலில் நின்று தப்பிக்கப் பார்க்கிறான். அந்த நிழலை நாம் தரலாமா?

"கட்டுகிறோம், கட்டிய பணம் எங்கே போகிறது?" என்ற கேள்வி எழட்டும். எழவேண்டிய கேள்வி அது! 10,000 ரூபாய் வரி கட்டினால், உடன் 400 ரூபாய் செஸ். 2018 முதல் அதற்குப் பெயர் 'உடல்நலம், கல்வி'. பெயரைக் கேட்டால் பால்போல் இனிக்கிறது. ஆனால் மாவட்ட மருத்துவமனையும் ஊர்ப்பள்ளியும் நடத்துவது மாநிலம். இந்த 400 ரூபாயோ மாநிலங்களுக்குப் பங்கிடும் தொகுப்பில் சேருவதே இல்லை. மீதி 10,000-இல், 2021 முதல் 2026 வரையிலான ஆண்டுகளுக்கு 15-ஆவது நிதிக் குழு வகுத்த கணக்குப்படி, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 41 விழுக்காடு, அதாவது 4,100 ரூபாய். அதில் தமிழ்நாட்டுக்கு 4.079 விழுக்காடு, ஏறத்தாழ 167 ரூபாய்! வறிய மாநிலத்தின் குழந்தை உண்பதை நாம் பறிக்கக் கேட்கவில்லை. பங்குக்கே வராத செஸ்ஸைப் பங்குக்குக் கொண்டு வாருங்கள் என்கிறோம். உள்ளூர் வாடகைக்கு உள்ள வரம்பை, அயல்நாட்டார் வீட்டில் குடியிருக்கும் எளியவருக்கும் தாருங்கள் என்கிறோம்.

ஆனால் இதைக் கேட்கும் வாய் தூய்மையாக இருக்க வேண்டும் அல்லவா? வரி ஏய்த்தவன் உரிமை பேசினால், தில்லி நகைக்கும். கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுபவனுக்குத்தான் அது விடை சொல்லியாக வேண்டும்.

அயல்நாட்டில் அண்ணனோ தம்பியோ உள்ள தோழர்களே! இன்றே எழுதுங்கள். குடியிருப்பவரிடம் உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். கணக்கைத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.

கட்டுவோம், கட்டிய கையை நீட்டிக் கணக்கும் கேட்போம்!